தம்பி வயலின் பசுமை

கீழ்வானம் வெளுக்கத் தொடங்கிய வேளை, பருவத்தின் முதல் மழை நனைத்த கருமண் பரப்பு, மெல்லிய ஆவி தன் மேனியினின்று எழ, உழுபடைகளின் வரவை எதிர்நோக்கித் தொடுவானம் வரை விரிந்து கிடந்தது. அந்நிலத்தை ஒற்றை வரப்பு இரண்டாய்ப் பகுத்தது. மேற்கே அண்ணனின் வயல், கிழக்கே தம்பியின் வயல். பாகம் பிரிந்த நாள்முதல் அவ்வரப்பைத் தாண்டுவதில்லை என அண்ணன் உறுதி பூண்டிருந்தார். கால் தாண்டவில்லை, கண் தாண்டாத நாளில்லை.

மழைக்குப் பத்து நாள் பின் ஒரு காலை, மாடியறைப் பலகணியைத் திறந்தவர் திகைத்து நின்றார். மழை கண்டதுமே உழுதுவிட்ட தம்பியின் வயல்மீது இளம்பசுமை படர்ந்திருந்தது. தமக்கு முன்பே கோதுமையை விதைத்து முளைக்கவும் வைத்துவிட்டானே என்னும் எண்ணம் நெஞ்சில் அனலாய்ப் பற்ற, தேர்ந்து காத்துவைத்த விதை முழுவதையும் வண்டியில் ஏற்றத் தொடங்கினார்.

"போன வருஷம் உதிர்ந்த புல்லு விதையெல்லாம் மண்ணுக்குள்ளதாங்க கிடக்கு. அது முளைச்சதும் இன்னொரு உழவு ஓட்டிட்டு விதைக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

"அதுக்குள்ள அவன் அறுவடையே முடிச்சிடுவான்!"

"அவர் வயல் பச்சையானா உங்க முகம் ஏங்க கறுக்குது?"

அவர் வண்டியைக் கிளப்பினார். அந்தி சாய்வதற்குள் விதை முழுவதும் மண்ணுக்குள் போயிற்று. வீட்டில் ஒரு கைப்பிடியும் மிஞ்சவில்லை.

சில நாள் கழித்து, தம்பி அப்பசுமையின் மீதே உழவு ஓட்டினான். அதைக் கண்ட அண்ணன் அடக்கமாட்டாத களிப்புடன் மனைவியை அழைத்தார்.

"பாரு, உன் கொழுந்தனுக்குப் புத்தி பிசகிடுச்சு! முளைச்ச பயிரையே உழுறான்!"

அவள் வரப்பருகே சென்று வினவ, தம்பி சிரித்துவிட்டான்.

"ஐயோ அண்ணி, அது பயிரில்ல, காட்டுப்புல்லு! மழைக்கு முளைக்கட்டும்னு விட்டுவெச்சேன், இப்போ உழுது சாய்ச்சுட்டேன். இனிமேதான் விதைப்பு. அண்ணன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

இளமையில் கோதுமையும் காட்டுப்புல்லும் உடன்பிறந்தவை போல் தோன்றுவன. கோதுமை வரிசையாய் நிற்கும், புல் தாறுமாறாய் நிற்கும் என்பதே வேற்றுமை. அதைக் காண வயலுக்குள் இறங்கவேண்டும், அல்லது வாய் திறந்து கேட்கவேண்டும். அவ்விரண்டும் அண்ணனால் ஆகாதவை.

அவருடைய வயலும் முளைத்தது. ஒரு பயிருக்குப் பத்துப் புல்லாய் முளைத்தது. களையெடுக்கக் குனிந்தவர்கள் எதைப் பிடுங்குவதென்று அறியாது கைபிசைந்து நின்றனர். விதைக்கும் பருவமோ முடியும் தறுவாயில் இருந்தது. தம்பி வரப்பின் அப்பக்கம் வந்து நின்றான்.

"அண்ணே, மனசைக் கல்லாக்கிக்கிட்டு எல்லாத்தையும் உழுதுடுங்க. எங்கிட்ட விதை மிச்சம் இருக்கு."

தாம் விதைத்ததைத் தாமே அழிப்பதைவிட, அவன் விதையை ஏற்பதே அவருக்கு நஞ்சாய்க் கசந்தது. திரும்பிச் சென்றார். எனினும், வெற்று வயலோடு ஓராண்டைக் கடத்தவியலாது என்பதை அறியாத உழவர் உண்டோ? மறுநாள் பயிரும் புல்லும் ஒருங்கே மண்ணுக்குள் புரண்டன. மனைவி சென்று விதை பெற்றுவந்தாள்.

விளைச்சல் பொய்க்கவில்லை. இரு வயல்களும் பொன்னிறம் பூண்டு, ஒரே காற்றுக்கு ஒன்றாய் அசைந்தன. அறுவடைக்கு முந்தின நாள் அண்ணன், பிரிந்த நாள்முதல் முதன்முறையாக வரப்பைக் கடந்தார். நன்றி கூற வருகிறார் என்றெண்ணித் தம்பி விரைந்து எதிர்கொண்டான். அவரோ தம் வயலில் பறித்த கதிர் ஒன்றைத் தம்பியின் கதிரோடு அணைத்துப் பிடித்தார்.

"உன்னுது கொஞ்சம் நீளமோ?"

"ரெண்டும் ஒரே மூட்டை விதைதானே அண்ணே!"

தம்பி நகைத்தான், அவர் நகைக்கவில்லை. மீண்டும் ஒருமுறை அளந்து பார்த்தார். மண்ணுக்குள் கிடக்கும் களை ஒரு மழைக்கு முளைத்து ஓர் உழவுக்கு மடிந்துவிடும். மனத்துக்குள் கிடப்பதோ, நிறைந்த விளைச்சலின் நடுவிலும் நின்று தழைக்கிறது.