அரை மாத்திரை

புராஸ்டேட் சுரப்பியில் பயாப்சி எடுத்த மூன்றாம் நாள் மத்தியானம், தட்டை எடுக்கப் போன ஸ்பேனருக்குக் கை நடுங்கியது. முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் பழுது பார்த்த கை. ஸ்பேனர் என்ற பட்டப்பெயரே அதனால்தான் வந்தது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. போர்வையைச் சுற்றிக்கொண்டும் குளிர் விடவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தார். ‘காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் உடனே வரவும்.’ ‘உடனே’ என்பதற்கு அடியில் நர்ஸ் இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

அவர் முதலில் போனது பிஸ்கட் டப்பாவைத் தேடி. மிச்சம் என்று எதையும் தூக்கிப் போட்டறியாத மனுஷர். திருகாணிகளுக்கு நடுவே மனைவியின் மாத்திரை அட்டை கிடந்தது. அடிக்கடி வந்த நீர்க்கடுப்புக்காக டாக்டர் எழுதிக் கொடுத்தது. மறதிக்காரி, ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் பேனாவால் ‘காலை’, ‘இரவு’ என்று எழுதி வைத்திருந்தாள். அவள் போய்ப் பதினான்கு மாசம். தொண்டை கரகரத்தால், உடம்பு வலித்தால், சில நாள் யாருமே பேசாமல் பொழுது போனால்கூட, குறடால் ஒன்றை உடைத்துப் பாதியை விழுங்கிவிடுவார். இப்போது இரண்டே இரண்டு மிச்சம்.

பயாப்சிக்கு முன்னால் நர்ஸ் கேட்கத்தான் செய்தாள், “ஆறு மாசத்துல ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்று.

“இல்லம்மா.”

சொன்னால் அட்டையைத் தூக்கிப் போடச் சொல்வார்களே என்ற பயம். கிருமி தொற்றாமலிருக்க அவள் நீட்டிய மாத்திரையும் அதே மாத்திரை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாயை மூடிக்கொண்டு விழுங்கினார்.

இன்று அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தனியாகவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி லிஃப்டில் இறங்கினார். கண்ணாடியில் தெரிந்த முகம் வெளுத்திருந்தது. செத்துவிடுவோமோ என்று நிஜமாகவே பயந்தார்.

“ஊசி மலக்குடல் வழியாப் போகுது. அங்க இருக்கற கிருமி ரத்தத்துல கலந்திருக்கு,” என்றாள் டாக்டர். “நாங்க குடுத்த மருந்துக்கு அது சாகல. முன்னாடியே இந்த மருந்து உள்ள போயிருந்தா அது பழகியிருக்கும். உண்மையச் சொல்லுங்க.”

அட்டையை எடுத்து நீட்டினார்.

“யாரோடது?”

“என் பொண்டாட்டியோடது. அப்பப்போ பாதி.”

“பாதியா? ஏன் அப்படி?”

“முழுசா சாப்பிட்டா சீக்கிரம் தீந்துடுமேம்மா.”

டாக்டர் மருந்தின் பெயரைக் குறித்துக்கொண்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். “வேற மருந்து ஏத்தறோம். இதுக்காவது கேக்குதான்னு ரெண்டு நாள்ல தெரியும்.”

கையில் ஊசி குத்திய பிறகு நர்ஸ் சொன்னாள்: “அத நான் தூக்கிப் போட்டாகணும்ப்பா.”

தலையை ஆட்டினார். விரல்கள் மட்டும் விடவில்லை. அவள் மெல்ல அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மாத்திரை எடுத்த இடத்திலெல்லாம் எழுத்து கிழிந்து தொங்கியது. முழுதாக இருந்தவை ‘காலை’, ‘இரவு’ என்ற இரண்டு சொற்கள்தான். “என் பொண்டாட்டி எழுதினது,” என்றார்.

பிளாஸ்திரி வெட்டும் சின்னக் கத்தரியைப் பையிலிருந்து எடுத்தாள். ஓரமாகக் கீறி, மாத்திரைகளைக் குப்பைக் கூடையில் தட்டினாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்தில் படாமல், ‘காலை’யைச் சுற்றி வெட்டத் தொடங்கினாள்.