அலமாரியில் இருந்த மகள்

ரெனாட்டா கட்டைவிரலால் எமிலின் கணுக்காலை அழுத்திவிட்டு எடுத்தாள். விழுந்த குழி அப்படியே நின்றது. போன வாரமும் இதே குழி. மருந்தை மாற்றி எழுதிக் கொடுத்தும் நீர் ஒரு சொட்டு வடியவில்லை.

"என்ன மிஸ்டர் எமில், மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"டப்பாவைப் பாரும்மா. நேத்து வரைக்கும் எல்லா அறையும் காலியாத்தானே இருக்கு?"

கிழமைவாரியாக அறை பிரித்த அந்த மாத்திரை டப்பாவில் நேற்று வரைக்குமான அறைகள் காலியாகத்தான் இருந்தன. அதுதான் அவளைக் குழப்பியது. சமையலறையில் உப்பு சேர்ந்த டின் சூப் ஒன்றுகூட இல்லை. இதயத்துடிப்பும் போன மாதம் போலவேதான் இருந்தது. பின்னே எங்கிருந்துதான் வருகிறது இந்த வீக்கம்?

ஒமாஹா நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, மருந்து எழுதும் உரிமை பெற்ற நர்ஸ் என்ற ஒரே தைரியத்தில், சொந்த ஊருக்கு வந்து வயதானவர்களின் வீடு தேடிப் போய் வைத்தியம் பார்க்கக் கிளம்பியவள் ரெனாட்டா. ஊரே சிரித்தது. "பீட்சாதான் வீட்டுக்கு வரும்னு நினைச்சோம், இப்ப வைத்தியமும் வருதா?" என்று கேலி பேசினார்கள். முதலில் நம்பிக் கதவைத் திறந்தவர் எமில்தான். பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். இந்த வீட்டின் ஒவ்வொரு பலகையும் அவர் கையால் அடித்தது.

அவருடைய ஒரே மகள் கார்லா ஒமாஹாவில் இருந்தாள். போன வாரமே போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "கால் வீக்கம் குறையலைன்னா அப்பாவை முதியோர் ஹோம்ல சேர்த்துடறேன். அவர் தனியா இருக்க முடியுமா முடியாதான்னு நீங்களே எழுதிக் குடுங்க." எமிலின் வீடு இப்போது ரெனாட்டாவின் பேனா முனையில் இருந்தது.

"உள்ளே கட்டில்ல படுங்க, காலை உயர்த்தி வச்சுப் பார்க்கலாம்."

"இங்கேயே பாரும்மா. இந்த நாற்காலியே எனக்கு வசதி."

முதல் நாளிலிருந்து இதே பிடிவாதம்தான். கூடத்தில் அந்த ஒரு மர நாற்காலி. அதை விட்டு மனிதர் அசையமாட்டார். ரெனாட்டாவும் அலுத்துப்போய்ப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கார் கதவைத் திறந்த பிறகுதான் ரத்த அழுத்தக் கருவியை மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் படியேறினாள்.

உள்ளே எமில் அலமாரியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "காபி கப்பை உள்ளே வச்சுட்டு உடனே வந்துடறேன். நீ பயப்படாதே."

அலமாரியில் பீங்கான் தட்டுகளைத் தவிர ஆள் யாரும் இல்லை.  அடக் கடவுளே, புத்தி தடுமாறுகிறதா? அப்படியென்றால் எழுதித்தானே ஆக வேண்டும். எழுதினால் இந்த வீடு போய்விடுமே. அவள் உள்ளே போய் சமையலறை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்று என்ன கிழமை, இது என்ன மாதம் என்று கேட்க ஆரம்பித்தாள்.

எல்லாவற்றுக்கும் பளிச்சென்று பதில் வந்தது. "நான் கிறுக்கனாயிட்டேனான்னு சோதிக்கிறியா? உன் காரோட இன்ஜின் பெல்ட் தேஞ்சுபோச்சு. வரும்போதே கீச்சுன்னு சத்தம் கேட்டுச்சு. அதை முதல்ல மாத்து."

புத்தி கத்தியாக இருக்கிறது. பிறகு ஏன் அலமாரியோடு பேசுகிறார்?  நேரடியாகவே கேட்டுவிட்டாள். "இப்ப யாரோட பேசினீங்க?"

"யாரு, கார்லாதான்."

அவர் காட்டிய இடத்தில், தட்டுகளுக்கு நடுவே முட்டை அளவில் ஒரு வெள்ளைக் கேமரா. வாசனைக்கு வைத்த டப்பா என்றே ரெனாட்டா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அவதான் மாட்டிட்டுப் போனா. நாள் பூரா உங்களைப் பார்த்துட்டே இருப்பேன் அப்பான்னா. மாட்டின புதுசுல நான் பாத்ரூம்ல கொஞ்ச நேரம் இருந்துட்டேன். ஆளைக் காணோமேன்னு பதறிப்போய் போலீசுக்குப் போன் பண்ணிட்டா பாவம். அவங்க வந்து கதவை உடைச்சுட்டாங்க. போன்ல என்ன அழுகை அழுதா தெரியுமா? அதிலிருந்து நான் இங்கேயேதான். தூங்கறதும் இங்கேதான்."

இரவும் பகலும் காலைத் தொங்கவிட்டபடியே உட்கார்ந்திருந்தால் கால் வீங்காமல் என்ன செய்யும்? "அப்போ மாத்திரை?"

எமில் தலையைக் குனிந்துகொண்டார். "அதைப் போட்டா நிமிஷத்துக்கு ஒருதரம் பாத்ரூமுக்கு ஓடணும். நான் எழுந்து போனா அவ பயப்படுவா. அதான் பூந்தொட்டியில போட்டுடுவேன். நீ கோவிச்சுக்காதே."

இத்தனை வாரமாக அவர் காலை அழுத்தி அழுத்திப் பார்த்தேனே, ஒரு நாளை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா என்று ரெனாட்டாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. வாசலுக்கு வந்து கார்லாவைக் கூப்பிட்டாள்.

"கேமராவா? அதைப் பார்த்து மாசக்கணக்காச்சு. புது போன் வாங்கினப்போ அந்த ஆப்பை ஏத்தவே மறந்துட்டேன். ஏன், என்ன ஆச்சு?"

ரெனாட்டா சொன்னாள்.  மறுமுனையிலிருந்து, "இப்பவே வரேன். அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்று குரல் உடைந்து வந்தது.

ரெனாட்டா உள்ளே வந்து உட்கார்ந்தாள். உங்களை யாருமே பார்க்கவில்லை என்று இந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் இருப்பது மட்டும் சரியா? ஒன்றும் புரியாமல் அவர் கொடுத்த பழ பன்னைப் பிட்டுத் தின்றாள்.

"இன்னிக்கு வேற வேலை இல்லையாம்மா?"

"இல்லை" என்றாள். அது உண்மைதான்.

மாலையில் வாசலில் காலடி கேட்டது. எமில் நாற்காலிக் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார். அலமாரியைப் பார்த்துச் சொன்னார்:

"கார்லா, வாசல்ல யாரோ வந்திருக்காங்க. யாருன்னு பார்த்துட்டு வந்துடறேன். நீ பயப்படாதே."

அதற்குள் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்ட கார்லா அதைக் கேட்டபடி நிலைப்படியிலேயே நின்றாள். எமில் அவளைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். திரும்பவும் அவளைப் பார்த்தார்.

"நீ அங்கே இல்லையா?"

"இல்லைப்பா. ரொம்ப நாளா இல்லை." கார்லா ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அலமாரியிலிருந்து கேமராவின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். "கேமராவை மாட்டிட்டு, அப்பாவை நல்லா கவனிச்சுக்கறேன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன் ரெனாட்டா. பெத்தவங்களைக் காவல் காக்க ஒரு கருவி போதும். கவனிச்சுக்கணும்னா பெத்த பிள்ளை நேர்ல வந்து பக்கத்துல உட்காரணும். இந்தக் கால் வீங்கினப்பவே இது புரிஞ்சிருக்கணும் எனக்கு."

"எனக்கும்தான்" என்றாள் ரெனாட்டா. ஹோம் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

எமில் டப்பாவைத் திறந்து அன்றைய மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு விழுங்கினார். சற்று நேரம் கழித்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து பாத்ரூமுக்குப் போனார்.