அப்பா சொன்னதாக எழுதியது

அட்டைப்பெட்டி கம்பெனியின் ஆபீஸ் வாசல் பெஞ்சில் அப்பாவும் மகளும் காலையிலிருந்து காத்திருந்தார்கள். அப்பாவின் வலது கையில் பெரிய கட்டு. உள்ளே மூன்று விரல்கள் இல்லை. மகளுக்குப் பதினொரு வயது. வாயைத் திறந்தால் கேள்விதான். பெரியவளானதும் கதைப் புத்தகம் எழுதப்போவதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

விபத்து நடந்த விதத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்காகவே அவளைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவைத்துக் கூட்டிவந்திருந்தார். அவளோ போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்ணே, வெட்டுற மிஷின்ல தடுப்புக் கம்பி கெடையாதா?”

“இருந்துச்சு பாப்பா. வேலை மெதுவா ஓடுதுன்னு மேனேஜர்தான் போன மாசம் கழட்டச் சொன்னாரு.” பசை காய்ச்சுகிறவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நழுவினார்.

அதையும் எழுதினாள். கத்தி இறங்கியது, அப்பா கத்தாமல் நின்றது, அட்டையில் ரத்தம் ஊறியது என்று இரண்டு பக்கம் வந்துவிட்டது.

மேனேஜர் ஒரு வரி விடாமல் படித்தார். அப்பாவைக் கட்டு மாற்றிக்கொண்டு வர அனுப்பினார்.

“பிரமாதமா எழுதியிருக்கியே! கண்ணு முன்னாடி நடக்குற மாதிரி இருக்கு.”

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் அந்தத் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புதுத் தாளை நீட்டினார்.

“இப்ப நான் சொல்றத எழுது. ‘தடுப்புக் கம்பிய நானே கழட்டுனேன். தப்பு என்னோடது.’”

“அப்பா அப்படிச் சொல்லலையே சார்.”

“இப்படி எழுதுனா உங்கப்பாவுக்கு நாளைலேர்ந்து கேட்டுல வாட்ச்மேன் வேலை. நீ எழுதுனதயே குடுத்தா இன்னையோட வீட்டுக்கு. ஒத்தக் கையோட அவரு வேற எங்க போவாரு? நீயே சொல்லு.”

அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. எழுதினாள்.

அப்பா திரும்பி வந்தார்.

“உம் பொண்ணு எழுதி முடிச்சிட்டா. படிச்சுக் காட்டச் சொல்லவா?” என்றார் மேனேஜர்.

“எதுக்கு சார்? எம் பொண்ணு எழுதுனா எல்லாம் சரியாத்தான் இருக்கும்.” அப்பாவுக்கு முகமெல்லாம் பெருமை.

இடது கட்டைவிரலை மையில் அழுத்தி எடுத்தார். தாள் மேஜையில் வழுக்கியது.

“நகராம புடிச்சுக்க கண்ணு.”

அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.