சோபாவின் வலது கை

ஒரு சோபாவைத் தட்டிப் பார்த்தே அந்த வீட்டின் லட்சணத்தைச் சொல்லிவிடுவார் சோபாக்காரர். நடுவில் மட்டும் குழி விழுந்திருந்தால் அந்த வீட்டில் டிவி பார்ப்பது ஒரே ஆள். முதுகுப் பக்கம் எண்ணெய்க் கறை ஏறியிருந்தால் மாமனார் வந்து மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. இதில் தான் தப்பியதே கிடையாது என்பார். அதை அவரைத் தவிர வேறு யாரும் சொன்னதில்லை என்பாள் அவர் மனைவி.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் சோபா முதல் தடவை வந்தபோதும் அவருக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. வலது கை கிழிந்து, பஞ்சு வெளியே தொங்கியது.

"நாய்ங்க வேலை. ஆனா திமிர்ல கிழிச்சது இல்ல. அடைச்சு வெச்ச ஏக்கம்," என்றார்.

"அத சோபா சொல்லிச்சாக்கும்," என்று தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள் மனைவி. உறை தைப்பது அவள் வேலை, ஆணி அடிப்பது அவர் வேலை. முன்னறைதான் பட்டறை.

உண்மையில் சோபா சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். டாக்டரும் அவர் மனைவியும் காலை எட்டு மணிக்கு கிளினிக்குக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு மணி ஆகும். அவர் பல் பிடுங்குவார், அந்த அம்மா டோக்கன் கொடுப்பார். அந்தப் பதினொரு மணி நேரமும் வீட்டுக்குள் இரண்டு பெரிய நாய்கள். ராஜா, மந்திரி என்று பெயர். பெயர் அரண்மனைப் பெயர், பிழைப்பு சிறைவாசம். வாசல் கதவிலிருந்து பின்பக்கக் கம்பிக் கதவு வரை போகும், திரும்பும், மறுபடி போகும். தரையில் நகம் படும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும். இரண்டும் ஒரே அமைப்புள்ள வீடு என்பதால் அந்தத் தூரம் எவ்வளவு என்று சோபாக்காரருக்குத் தெரியும். பதினாலு எட்டு. காடு மேடெல்லாம் ஓடித் திரிவதற்கென்றே பிறந்த ஜாதி, பதினாலு எட்டில் நாளைக் கழித்தது. அதைக் கேட்டுக்கொண்டே ஆணி அடிப்பது அவருக்கு வேதனையாக இருந்தது.

டாக்டர் தம்பதி கெட்டவர்கள் இல்லை. நாய்களுக்கு வேளா வேளைக்கு நல்ல சாப்பாடு, மெத்தை, ஊசி எல்லாம் உண்டு. தினமும் ராத்திரி பல்கூடத் தேய்த்துவிடுவார்கள். உலகத்திலேயே சுத்தமான பல்லால் கிழிக்கப்பட்ட சோபா அதுவாகத்தான் இருக்கும். நடக்கக் கூட்டிப்போவது மட்டும் கிடையாது. என்றோ ஒரு நாள் கூட்டிப்போனபோது இரண்டும் சேர்ந்து டாக்டரைத் தெருவில் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடியிருக்கின்றன. அதை அவரிடம் பல் கட்டிக்கொண்ட நாலு பேர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், அவர் கட்டிவிட்ட பல்லைக் காட்டியே.

சோபாக்காரர் சோபாவைச் சரி செய்தார். டப்பாவில் வரும் பசையை அவர் தொடுவதில்லை. அந்த நெடி மனைவிக்குத் தலைவலியைக் கொடுக்கும். அவருக்கு எல்லாம் வஜ்ஜிரம்தான். கட்டியாக வாங்கி ஊறவைத்து, அடுப்பில் பாகுபோல உருக்கி, சூடு ஆறுவதற்குள் தடவ வேண்டும். கட்டையை விட்டுத் துணி பிரிந்தால் தன் பேரை மாற்றிக்கொள்வதாகச் சவால் விடுவார்.

அந்த சோபா நாற்பது நாள் தாங்கியது. அதே வலது கை. இரண்டாம் தடவை வஜ்ஜிரத்தை ஒரு கை கூடவே தடவினார். இருபது நாள். மூன்றாம் தடவை இரண்டு பூச்சு. பத்தே நாள். ஒவ்வொரு முறையும் அவர் போய்ப் பார்க்கும்போது மந்திரி ஓடிவந்து அவர் விரல்களை ஒன்று விடாமல் நக்கும்.

"பாத்தியா, யாருக்குத் தங்க மேல அக்கறைன்னு அதுங்களுக்குத் தெரியுது," என்று மனைவியிடம் வந்து பெருமைப்பட்டுக்கொள்வார்.

நாலாவது தடவை சோபாவைத் தூக்கிவந்தபோது டாக்டரின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"மாஸ்டர், இதுதான் கடைசி. இன்னொரு தடவ கிழிச்சா ரெண்டையும் அனுப்பிடணும்னு வீட்ல சொல்லிட்டாங்க. என் மச்சானோட கோடவுன்ல காவலுக்கு ஆளு தேடறாங்களாம்."

"அங்க அவுத்து விட்டுருப்பாங்களா?"

"சங்கிலிதான்."

பதினாலு எட்டும் போய் இனி ஒரு சங்கிலி நீளம். சோபாக்காரர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். அவர் சுத்தியலைக் கீழே வைத்தால் உபதேசம் வருகிறது என்று அர்த்தம்.

"டாக்டர், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நோய் நாய்ங்க கால்ல இருக்கு, நாம சோபாவுக்கு வைத்தியம் பண்ணிட்டிருக்கோம். காலைல ஒரு மணி நேரம் நடக்க விடுங்க. அப்புறமும் கிழிச்சா என்னக் கேளுங்க."

"இழுக்குதுங்க மாஸ்டர்."

"இழுக்கட்டும். நாலு நாள் இழுக்கும், அஞ்சாவது நாள் அடங்கிடும். எவ்வளவு நாள் சேத்து வெச்ச நடை அது."

அரை மணி நேரம் பேசினார். டாக்டர் தலையாட்டிவிட்டுப் போன பிறகு மனைவி மிஷினை நிறுத்தினாள்.

"ஊருக்குத்தான் உபதேசம். உங்க முட்டிக்கு தினம் நடங்கன்னு சொல்லி மூணு வருஷம் ஆச்சு. வாசப்படி தாண்டலயே நீங்க."

"நான் சோபா எதுவும் கிழிக்கலயே," என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு டாக்டரும் மனைவியும் ஆளுக்கு ஒரு நாயோடு வெளியே வந்தார்கள். சோபாக்காரர் ஜன்னலில் நின்று பார்த்தார். வாசலைத் தாண்டியதும் ராஜா விறுவிறுவென்று நடந்தது. கொஞ்ச தூரம் போய்ச் சட்டென்று நின்று, வீட்டைப் பார்த்துத் திரும்பி நடக்க ஆரம்பித்தது. வாசலுக்கு வந்தது, மறுபடி திரும்பியது. அங்கே சுவரும் இல்லை, கதவும் இல்லை. சோபாக்காரர் எண்ணிப் பார்த்தார். பதினாலு எட்டு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் முறை டாக்டர் மெதுவாகத் தட்டிக்கொடுத்து, "வாடா, இன்னும் இருக்குடா," என்றார். ராஜா பதினைந்தாவது எட்டை வைத்தது.

அப்புறம் எல்லாம் ஜோராக நடந்தது. சோபாவுக்குக் கோணித்துணியும் கித்தானும் போட்டு ஒரு கோட்டையே கட்டிக்கொண்டிருந்தார் சோபாக்காரர். அதற்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் நகச் சத்தம் அடங்கிப்போனது. பகலெல்லாம் நாய்கள் குறட்டை விட்டன. செருப்பு பிழைத்தது, திரைச்சீலை பிழைத்தது. டாக்டரின் பெல்ட் ஒரு துளை உள்ளே போனது. தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம், "மாஸ்டர் சொல்லித்தான்," என்றார் டாக்டர். சோபாக்காரர் தரையில் நடக்கவில்லை. எப்போதுமே அவர் அதிகம் நடப்பதில்லை, அது வேறு விஷயம்.

திங்கட்கிழமை சோபா வீடு போய்ச் சேர்ந்தது. மூன்று பூச்சு வஜ்ஜிரம். வியாழக்கிழமை சாயங்காலம் டாக்டரின் மனைவி வந்து வாசலில் நின்றார்.

"ஞாயித்துக்கிழமை கோடவுன்லேர்ந்து வண்டி வருது மாஸ்டர்," என்றார். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சோபாக்காரர் அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடினார். சோபாவின் வலது கை பிளந்து கிடந்தது. நாய்கள் இரண்டும் மூலையில் சாதுவாகப் படுத்திருந்தன. அவர் மண்டியிட்டு, முட்டி வலியைப் பொறுத்துக்கொண்டு, உள்ளே பார்த்தார். பக்கத்தில் மெத்தையும் நாற்காலியும் செருப்பும் வைத்தது வைத்தபடி இருந்தன. பஞ்சைக்கூட நாய்கள் தொடவில்லை. கித்தானை ஓரமாக உரித்து, கட்டையை மட்டும் நக்கியிருந்தன. கட்டை சாப்பிட்டு முடித்த தட்டுபோலப் பளபளத்தது. மற்ற சோபாக்களில் இரண்டு கைக்கும் ஒரே அளவாகத் தடவுவார். இதில் வலது கைதான் முதலில் பிரிந்தது என்பதால், முதல் நாளிலிருந்தே மிச்சம் மீதியெல்லாம் அங்கேதான் வழித்து விட்டிருந்தார்.

மந்திரி எழுந்து வந்து அவர் விரல்களை நக்க ஆரம்பித்தது.

மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பதுதான் வஜ்ஜிரம். அது நேற்றுப் படித்த பாடம் இல்லை, முப்பது வருடமாக அவருக்குத் தெரியும். சோபாவை முதலில் செய்தவன் தடவியது போதாதென்று, இவரும் தெரிந்தே நாலு தடவை, தடவைக்குத் தடவை கூட்டிக் கூட்டி, நாய்களுக்கு எலும்புச் சாறு பரிமாறியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மனைவி கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"ஓ. உங்க அக்கறை தெரிஞ்சு நக்குதுன்னு சொன்னீங்களே, அது இதுதானா," என்றாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தோற்றாள்.

"பேசாம பசைய மாத்தி ஒட்டிக் குடுத்துட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டார் அவர்.

"வண்டி ஞாயித்துக்கிழமை வருது. அதுக்குள்ள பசைய மாத்தி, நாய் திருந்திடுச்சுன்னு எப்படிக் காட்டுவீங்க? வாய் கிழிய உபதேசம் பண்ணத் தெரிஞ்சுதில்ல, போய்ச் சொல்லுங்க."

வஜ்ஜிரம் உருக்குகிற பாத்திரத்தையே கையில் எடுத்துக்கொண்டு போனார். டாக்டரும் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்க, அதைச் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். மூலையில் படுத்திருந்த ராஜாவும் மந்திரியும் ஒரே தாவலில் வந்து, பாத்திரத்துக்குள் மூக்கை விட்டு, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நக்கின.

"நாலு தடவையும் கிழிச்சது நாய் இல்ல டாக்டர். நான்தான்," என்று விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. முதலில் அண்ணனுக்கு போன் போட்டு வண்டி வேண்டாம் என்று சொன்னார். அப்புறம் மந்திரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அதற்கப்புறம்தான் சோபாக்காரரைப் பார்த்தார்.

"அப்போ, நடைக்கும் சோபாவுக்கும் சம்பந்தமே இல்ல."

"இல்லம்மா."

"தினம் அஞ்சரைக்கு எழுந்தது வீணா?"

"நாளைக்கு நிம்மதியாத் தூங்கலாம்," என்றார் டாக்டர், சோம்பல் முறித்துக்கொண்டே.

சோபாவுக்காக இல்லை டாக்டர், அந்தக் கால்களுக்காக என்று சொல்ல வாய் திறந்தார் சோபாக்காரர். நோயைத் தப்பாகச் சொன்ன வைத்தியன் மருந்து மட்டும் சரி என்றால் எவன் நம்புவான்? பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அது கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

மறுநாள் ஐந்தரைக்குத் தானாக விழிப்பு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நகச் சத்தம் கேட்டது. போனது, திரும்பியது, போனது. சங்கிலியிலிருந்து காப்பாற்றி மறுபடி பதினாலு எட்டுக்குள்ளேயே தள்ளிவிட்டோமே என்று இருந்தது அவருக்கு. புரண்டு படுத்தார். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்க?" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

"நடக்க."

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

கதவைத் தட்டினார். டாக்டரின் மனைவி திறந்தார். அவருக்குப் பின்னால் ராஜா வாயில் வாரைக் கவ்விக்கொண்டு நின்றது.

"டாக்டர் தூங்கட்டும்மா. ரெண்டையும் என்கிட்ட குடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். முட்டியையும் பார்த்தார். அந்த அம்மாவின் காலிலும் செருப்பு ஏறியிருந்ததை சோபாக்காரர் அப்போதுதான் கவனித்தார்.

"மந்திரி இழுப்பான், அவன நான் பாத்துக்கறேன். ராஜா உங்களுக்கு," என்று வாரை நீட்டினார். உள்ளேயிருந்து டாக்டர், "இருங்க, நானும் வரேன். தூக்கம் வரல," என்று சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார்.

தெருவில் இறங்கினார்கள். சோபாக்காரரின் மனைவி ஜன்னலில் நின்று எண்ணினாள். பதினாலாவது எட்டில் நின்றது ஒரே ஒரு ஆள்தான். முட்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, வீட்டைத் திரும்பிப் பார்த்தார் சோபாக்காரர். ராஜாவும் நின்றது. இழுக்கவில்லை. அவர் பதினைந்தாவது எட்டை வைக்கும் வரைக்கும் வாலை ஆட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தது.