ஐயா, கேட்டுக்கிட்டிருக்கீங்களா?

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பாட்டே போடாமல் நாள் முழுக்கப் பேச்சை மட்டும் ஒலிபரப்பும் ஒரு தேசிய வானொலி நிலையத்தை* ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் கேட்டு எழுதித் தரும்படி ஒரு பத்திரிகை என்னைக் கேட்டிருந்தது. அந்த நிலையத்தை என் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் கட்டுரைக்கு ஒரு மனிதர் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் சற்குணத்தின் மிஷினுக்கு மேலே ஒரு ரேடியோ ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். நீளம் குறைக்க வேண்டிய பேண்ட் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஏழு மணிக்கே போய்விட்டேன்.

(* நிலையத்தின் பெயர் வேண்டாம். அந்த நாளின் ஒலிப்பதிவை யாரும் தேடிப் போவதை நான் விரும்பவில்லை.)

2

முதல் வரிக்கு நான் செய்த முயற்சிகள்:

'மலைமேல் முருகன் கண் விழிக்கும் முன்பே, கீழே ஒரு தையல் மிஷின் கண்—'

அடித்துவிட்டேன். சற்குணம் சர்ச்சுக்குப் போகிறவர். அலங்காரம் அவருக்குப் பொருந்தாது.

'ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் இருந்தது.'

இது போதும். காவடி எடுப்பவர்களின் மஞ்சள் துணி கடையை நிறைத்திருந்தது. அதனால்தான் அன்று அவர் ஆராதனைக்குப் போகவில்லை. மனைவி ஜெயகுமாரி மட்டும் போயிருந்தார்.

ஏழரைக்குக் கரும்பைத் துளைக்கும் புழுவைப் பற்றி ஒருவர் விவரமாகப் பேசினார். எட்டரைக்கு நாடாளுமன்றத்தில் அந்த வாரம். ஒன்பதரைக்குப் பள்ளிப் பிள்ளைகளின் வினாடி வினா. ஆறு கேள்விகளில் ஐந்துக்குச் சற்குணம் பிள்ளைகளை முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"நான் படிச்ச காலேஜு இதான் சார்," என்றார், வாயில் ஊசியோடு.

இடது கன்னத்தில் கிராம்பு அடக்கியிருந்தார். பல்வலியா என்று கேட்டேன்.

"ஆங். மூணு நாளா உசிர வாங்கிகினு கீது. கிருத்திகை முடியட்டும், பாத்துக்கலாம்."

நடுநடுவே இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். முகம் வியர்த்திருந்தது. 'கிராம்பு வாசனை, வியர்வை' என்று நோட்டில் எழுதி அடிக்கோடு இட்டேன். நல்ல விவரம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சி எனக்கு.

3

கதாபாத்திரம் ஒன்றின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. சற்குணம் அல்ல, நோட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆள். முந்தைய பிரதிகளில் அவனுக்குக் கொஞ்சம் கூர்மையான கண் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றில் அவன் வியர்வையைக் கண்டு கவலைப்படுகிறான். இன்னொன்றில், 'வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்' என்று—

இல்லை. அவன் எழுதிக்கொண்டுதான் இருந்தான்.

4

பதினொரு மணிக்கு மருத்துவர் நிகழ்ச்சி. நேயர்கள் போனில் கேட்க, ஒரு பெண் டாக்டர் பதில் சொல்வார். அப்போது தன் மஞ்சள் சட்டையை வாங்கிப் போக ஆட்டோ ஓட்டும் கஜபதி வந்திருந்தார். பொத்தான் பாக்கி என்று சற்குணம் அவரை உட்காரவைத்திருந்தார்.

மூன்றாவது அழைப்பு.

"என் பேரு அன்னம்மாள்ங்க. அரக்கோணத்துலேர்ந்து பேசறேன். என் வீட்டுக்காரருக்குத் தாடை வலிக்குதுன்றாரு. பல்லுன்னு சொல்லிகினு கிராம்ப அடக்கிகினு கீறாரு. ஆனா தோளும் சேர்ந்து வலிக்குது. ராத்திரில அவரு பனியனெல்லாம் நனைஞ்சி போவுது."

"வயசு என்னம்மா?"

"அம்பத்தி நாலு."

"என்ன வேலை பார்க்கிறார்?"

கொஞ்சம் தயக்கம். "குந்திகினே செய்யற வேலைங்க. மிஷின் மிதிக்கும்போது மூச்சு வாங்குது."

கடையில் மிஷின் நின்றது.

கஜபதி ரேடியோவைப் பார்த்தார், பிறகு சற்குணத்தைப் பார்த்தார். "அண்ணே, பேரு வேற சொன்னாலும் இது அண்ணி குரலு இல்ல?"

சற்குணம் ஊசியை வாயிலிருந்து எடுத்தார்.

டாக்டரின் குரல் மாறியிருந்தது. "அம்மா, இது பல்வலியா இருக்காதுன்னு நினைக்கிறேன். இதயமா இருக்கலாம். போனை வெச்சுட்டு இப்பவே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"நான் சொன்னா கேக்க மாட்டாருங்க. மூணு நாளா சொல்லிகினுதான் இருக்கேன். ரேடியோல சொன்னா கேப்பாரு. அதுக்குதான் காத்தாலேர்ந்து போன் போட்டுகினு கெடக்கேன். இப்ப கேட்டுகினுதான் இருப்பாரு. நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க மேடம்."

அந்த டாக்டர் மெதுவாகக் கேட்டார்:

"ஐயா, கேட்டுக்கிட்டிருக்கீங்களா?"

சற்குணம் தலைநிமிர்ந்து ரேடியோவிடம், "ஆங்," என்றார்.

"எழுந்து நடக்காதீங்க. பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்க உங்களைக் கூட்டிட்டுப் போகட்டும்."

பக்கத்தில் நான் இருந்தேன். முழங்கால்மேல் நோட்டு. டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

"சார்! இன்னா சார், எழுதிகினு கீறீங்க? அந்தக் கையப் புடிங்க!" என்று கஜபதி கத்தினார்.

5

புடித்தேன். (பிடித்தேன் என்று திருத்த மனம் வரவில்லை.)

ஆட்டோவில் சற்குணம் என் தோளில் சாய்ந்திருந்தார். "சட்டைக்குப் பொத்தான் வெக்கலயே," என்றார். "பொத்தான் இல்லாமயே முருகன் என்னிய உள்ள வுடுவாரு, நீ பேசாம வாண்ணே," என்றார் கஜபதி, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்ததும் எல்லோரும் ஓடினார்கள். சர்ச் சேலையோடு ஜெயகுமாரி வந்து சேர்ந்தபோது சென்னைக்குப் போக 108 தயாராக நின்றது. அவர் ஏறிக்கொண்டார். இன்னும் தாமதமாக வந்திருந்தால் கஷ்டம் என்று அங்கிருந்த டாக்டர் என்னிடம் சொன்னார்.

கடையைப் பூட்ட யாருக்கும் தோன்றவில்லை. நாடகம், விளையாட்டு அலசல், நேயர் கடிதம் எல்லாவற்றையும் அந்த ரேடியோ சாயங்காலம் வரை ஆளில்லாத கடைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என்று பக்கத்து டீக்கடைக்காரர் பிறகு சொன்னார். என் கட்டுரை பதினொன்றே காலோடு நின்றது. பத்திரிகைக்கு அது பயன்படவில்லை.

6

சற்குணம் பிழைத்தார். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அது முடிவும் அல்ல.

முடிவு (அ): மனைவி கையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுகிறார். எழுதிப் பார்த்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. அவரைத் தெரிந்த எவரும் நம்ப மாட்டார்கள்.

முடிவு (ஆ): நாடு முழுக்கக் கேட்க வீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாள் என்று கோபப்படுகிறார். இதற்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் அந்த போனைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை என்று ஜெயகுமாரி என்னிடம் சொன்னார். "திட்டிட்டாகூட தேவலாம் சார். இன்னா நெனச்சிகினு கீறாருன்னே தெரியல."

நடந்தது இது. வீடு திரும்பிய மறுநாள் பார்க்கப் போனேன். சற்குணம் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். ஜெயகுமாரி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். கிருத்திகைக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். திடீரென்று அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"குமாரி. நீ அன்னிக்கி ரேடியோல..."

ஜெயகுமாரியின் கை டம்ளரோடு அப்படியே நின்றது. சற்குணம் என்னைப் பார்த்தார். என் சட்டைப் பையில் இருந்த பேனாவையும் பார்த்தார்.

எழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தினேன். உள்ளே அவர் குரல் தொடங்குவது கேட்டது. சொற்கள் காதில் விழாத தூரம்வரை வேகமாக நடந்தேன்.

இதைப் படிக்கும் நீங்கள் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறீர்கள். உங்களை வெளியே அனுப்ப அவர்களுக்கு வழியில்லை. அதனால் அவர் சொன்னது என்ன என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.