அதே மாத்திரை

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத்தான் தொடங்கியது. திருப்பதியில் மருந்துக்கடைகள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் இரவுப்பணி பார்த்தேன். கிளையில் ஒரு மருந்து தீர்ந்தால் அதற்குப் பதில் எதைக் கொடுப்பது, எதை ஆர்டர் போடுவது என்று மென்பொருளில் இணைத்து வைப்பதுதான் வேலை. ஒரு வலிப்பு மாத்திரையின் மெதுவாகக் கரையும் வகையையும் சட்டென்று கரையும் வகையையும் யாரோ இணைத்திருந்தார்கள். முதலாவது ஒருவேளை போட்டால் நாள் முழுக்கத் தாங்கும், இரண்டாவது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பிரிக்கச் சொல்லி எழுதினேன். 'உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதானே' என்று பதில் வந்தது. வேலையை விட்டேன்.

(இணைப்பைப் போட்டதே நான்தான் என்று வைத்தால் கதைக்கு நல்லது. நீங்கள் மன்னிக்க ஓர் ஆள் கிடைப்பான். நான் போடவில்லை.)

2

முதல் வரி, முதல் முயற்சி: 'சித்தூர் கிளையின் கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது தேவசேனாவின் மனத்தில் ஏனோ ஒரு...'

ஏனோ எல்லாம் இல்லை. நகரியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள், கால் வலி. கணவன் உமாபதி விசைத்தறி ஓட்டுகிறான். கடைசியாக வலிப்பு வந்து வருடக்கணக்காகிறது, மாத்திரையின் தயவில். மறுபடி வந்தால் கை தறிக்குள் போகும். கை தப்பினாலும் முதலாளி அவனிடம் தறியைக் கொடுக்க மாட்டார்.

3

கவுண்டரில் மோனிகா, மருந்தாளுநர். மாத்திரை அட்டையைத் தேவசேனா திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

"இன்னா கண்ணு, நடுவுல கோடு கீது? பழசுல இல்லியே."

"பழசு எங்கயும் வர்லக்கா. ஊர் முழுக்க இல்ல."

உள்ளேயிருந்து மேலாளர் பிரபாகர் கேட்டார்: "ஏமி மோனிகா, சிஸ்டம் இன்னா காட்டுது?"

"இதத்தான் சார். ஆனா இது சட்டுனு கரையறது சார்."

"நீ எப்ப டாக்டரான? பில் போடு."

"அதேவா கண்ணு?" என்றாள் தேவசேனா. "காப்பித்தூள் மாத்தினாவே மூஞ்சியத் தூக்கினு போற ஆளு அது."

"அதேதான்க்கா."

(தெலுங்கிலும் 'அதே', தமிழிலும் 'அதே'. மற்ற சொற்களை மொழி மாற்றும்போது ஒரு நொடியாவது யோசிக்கிறோம். இந்தச் சொல்லுக்கு அந்த நொடியும் கிடையாது.)

4

மோனிகா மேல் எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்படி விட்டால் குற்றமெல்லாம் மென்பொருளுக்குப் போய்விடும், மனிதர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அதனால் தெரிந்தவளாக்கினேன். தெரிந்தும் ஏன் சொன்னாள்? 'வேலை போய்விடும் என்ற பயம்' என்று எழுதி அடித்தேன். மூன்றாவது முறை 'சார்' சொல்ல அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

5

முடிவு ஒன்று. உமாபதி தறிமேல் விழுகிறான். ஒரு தறிக்காரன் கையைக் கொடுத்து உங்கள் கண்ணீரை வாங்க எனக்கு விருப்பமில்லை.

முடிவு இரண்டு. ஒன்றும் ஆகவில்லை. நிஜத்தில் பல சமயம் இப்படித்தான். புகார் வராததால் இணைப்பு சரி என்று ஆகும். அடுத்த ஊரில் அடுத்தவன் விழுங்குவான்.

முடிவு மூன்று. மோனிகா பில்லில் இருக்கும் தேவசேனாவின் எண்ணுக்கு அழைக்கிறாள்.

"அக்கா, அத அப்டியே குடுத்துடாதீங்க. அது வேற."

"பஸ்ல போய்க்கினு கீறேன், சத்தமா பேசு. வேறயா?"

"வேறக்கா."

"சரி, அப்ப ராவுக்கு இன்னாத்த குடுக்கறது?"

இங்கேதான் நான் நின்றுவிட்டேன். மாத்திரையே இல்லாவிட்டால் அது இன்னும் மோசம். இருப்பதை எத்தனை வேளையாகப் பிரிப்பது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், அவர் செவ்வாய்க்கிழமைதான் வருவார். மோனிகா உதட்டைக் கடிக்கிறாள் என்று எழுதலாம். உதட்டைக் கடித்தால் யாருக்கும் மாத்திரை கிடைக்காது.

அழைப்பு துண்டிக்கப்படவில்லை. பஸ் புத்தூரைத் தாண்டிவிட்டது. அடுத்த வரி உங்களுடையது. நகரி வருவதற்குள் எழுதுங்கள்.