நூற்றைந்து சென்டிமீட்டர்

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தங்களுக்கு எது வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் படியேறுவார்கள். அவர்களை அந்த முடிவிலிருந்து இறக்குவதுதான் என் தொழில். விற்பதெல்லாம் அதற்கப்புறம்.

மைதானத்துக்கு எதிர்த் தெருவில், சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருக்கிறோம். பந்து, மட்டை, வலை என்று கேட்டு வந்தால் கிடைக்காது. சங்கிலிக்குண்டு எறிகிறவர்களுக்கு வேண்டியது மட்டும்தான். பெயரில் சங்கிலி இருக்கிறதே தவிர, பொருளில் கிடையாது. ஒரு குண்டு, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பி முனையில் முக்கோணமாக ஒரு கைப்பிடி. இரண்டு கையாலும் பிடித்து, உடம்போடு சேர்த்து மூன்று நான்கு சுற்றுச் சுற்றி விட வேண்டும். குண்டு போகும். விடத் தெரியாதவர்கள் அதோடு சேர்ந்து தாங்களும் போவார்கள்.

எனக்கு 'கிலோ அண்ணன்' என்று பட்டப்பெயர். யார் வந்தாலும் "உங்க எடை என்ன? எத்தனை மாசமா எறியறீங்க?" என்றுதான் ஆரம்பிப்பேன். மூன்று மாதம் எறிந்த பையன்கள் ஏழேகால் கிலோ டங்ஸ்டன் குண்டு கேட்பார்கள். "தம்பி, டங்ஸ்டன் குண்டு சின்னதா இருக்கும், கனம் தள்ளிப்போய் நிக்கும். நல்லா எறியறவனுக்கு அது ஒரு மீட்டர் கூடக் கொடுக்கும். உனக்கு முதுகுவலிதான் கொடுக்கும்" என்று சொல்லி ஐந்து கிலோ இரும்பைக் கையில் திணிப்பேன். முறைத்துக்கொண்டு போவார்கள். அடுத்த வருஷம் அவர்களே ஆள் கூட்டிக்கொண்டு வருவார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

கடையின் பின்பக்கம் என் மனைவியின் மேசை. கிழிந்த கையுறைகளுக்குத் தோல் வைத்துத் தைப்பது அவள் வேலை. நாற்பத்து மூன்று வயதில், "எல்லாரும் சுத்தறாங்களே, நானும் சுத்திப் பாக்கறேன்" என்று விளையாட்டாக ஆரம்பித்தாள். பிறகு விளையாட்டு போய்விட்டது. ஆறு வருஷமாக வாரத்தில் ஐந்து காலை மைதானத்துக்குப் போகிறாள். நான் கடை திறக்க வந்துவிடுவேன்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. நாலு கிலோ குண்டை முப்பது மீட்டர் எறிய வேண்டும். அதற்குக் காரணம் என் வாய்தான். "முப்பதத் தாண்டினாத்தான் அது எறியறது, அதுக்குக் கீழ எல்லாம் போடறது" என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் அதிகபட்சம் எறிந்தது இருபத்தெட்டு மீட்டர் எழுபத்து நாலு. இரண்டு வருஷமாக அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவளுக்கு ஐம்பது. ஐம்பது ஆகிவிட்டால் மூத்தோர் போட்டியில் பெண்களுக்கு மூன்று கிலோதான். நாலு கிலோவோடு அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு போட்டி. அதற்கு மூன்று வாரம் இருந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு திங்கள்கிழமை பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் வந்தார். புதிதாகப் பிள்ளைகளுக்குக் குண்டு எறியக் கற்றுக்கொடுக்கப் போகிறாராம். கையில் நோட்டும் பேனாவும். இப்படிக் குறிப்பெடுக்கிற ஆள் கிடைத்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது.

"சின்னப் பசங்களுக்கு மூணு கிலோ, அதுவும் கம்பி குட்டையா. கம்பி நீளமா இருந்தா இழுப்பு ஜாஸ்தி, பயந்துடுவாங்க. ஒரு வருஷம் எறிஞ்ச பொண்ணுங்களுக்கு நாலு கிலோ. ஷூ இப்பவே வாங்காதீங்க, வழவழன்னு அடிப்பாகம் இருக்கற ஷூவுல புதுசா சுத்தினா வழுக்கி விழுவாங்க. கம்பி மட்டும் கூடுதலா வாங்கிக்கங்க. எறியற இடத்தச் சுத்தி வலைக்கூண்டு இருக்கும்ல, அதோட கம்பத்துல அடிச்சு அடிச்சு மடக்கிடுவாங்க, மடங்கின கம்பி என்னிக்காவது அறுந்துடும்."

அவர் எழுதிக்கொண்டே கேட்டார். "இந்தக் குட்டைக் கம்பிய எவ்வளவு நாள் வச்சுக்கலாம் சார்?"

"ஆறு மாசம். மிஞ்சிப் போனா ஒரு வருஷம். கம்பி நீளமா இருந்தாத்தான் குண்டு தூரமாப் போகும். அதுக்கு மேலயும் குட்டைக் கம்பிய மாத்தாம வச்சிருக்கறவன ஓட ஓட விரட்டணும் சார். எறியறவங்களோட உழைப்பத் திருடற வேல அது."

பின்பக்கம் தையல் ஊசி நின்றுவிட்டது. "எவ்வளவு நாள்னு சொன்னீங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஆறு மாசம்" என்றேன், திரும்பாமலேயே.

அவள் எழுந்து போய்த் தன் பையிலிருந்து குண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். கடைச் சுவரில் ஒரு கொக்கி உண்டு, பக்கத்தில் அளவுநாடா பதித்திருக்கும். கைப்பிடியைக் கொக்கியில் மாட்டினால் குண்டின் அடிப்பாகம் எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் நீளம். அவள் மாட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள். "பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

நூற்றைந்து சென்டிமீட்டர். பெண்களின் குண்டு நூற்றுப் பத்தொன்பதரை வரைக்கும் இருக்கலாம். ஆறு வருஷத்துக்கு முன்னால், முதல் நாள், "உனக்கு இது போதும்" என்று நானே மாட்டிக்கொடுத்த கம்பி. இடையில் ஒரு தடவை அறுந்தபோதும் பழைய அளவிலேயே இன்னொன்று மாட்டிக் கொடுத்திருக்கிறேன். போட்டிகளில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் நடுவர்கள் அளப்பது நீளம் கூடியிருக்கிறதா என்றுதான். குறைவாக இருந்தால் அவர்களுக்கு என்ன வந்தது?

"எவ்வளவு சார்?" என்று ஆசிரியர் நல்ல மனதோடு எட்டிப் பார்த்தார். பேனாவை மூடினார். அவருக்குப் புரிந்துவிட்டது. "நான் நாளைக்கு வரேன்" என்று நோட்டை அக்குளில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. அவள் கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்திச் சமாளித்திருப்பேன். அவள் கத்தவில்லை. "ரெண்டு வருஷம் முன்னாடி உங்ககிட்ட வந்து கேட்டேன். மத்தவங்களுக்கெல்லாம் குண்டு அகலமாச் சுத்துது, எனக்கு மட்டும் ஏன் ஒட்டினாப்ல சுத்துதுன்னு. என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. கோளாறு உன்கிட்ட இருக்கு, குண்டுல இல்ல என்று சொல்லியிருந்தேன். எழுந்து பார்க்கக்கூட இல்லை. யாருக்கோ டங்ஸ்டனின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தவன், ஒரே வீட்டில் இருக்கிறவளை இன்னும் முதல் நாள் வந்த ஆளாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட வருத்தமாக இருந்தது.

அன்றைக்கே கடையிலிருந்த கம்பிகளில் மிக நீளமானதை எடுத்து மாட்டிக் கொடுத்தேன். சரியாக நூற்றுப் பத்தொன்பதரை, ஒரு நூல் கூடக் கிடையாது. அவள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள். புதன்கிழமை முழங்கையில். வியாழக்கிழமை உட்காரும்போது முகத்தைச் சுளித்தாள், எங்கே அடி என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு தூரம் போகிறது என்றதற்கு, "இருபத்தஞ்சு, அதுவும் கூண்டுக்கு வெளிய வந்தா" என்றாள்.

"பேசாம பழைய கம்பியையே இந்தப் போட்டிக்கு வச்சுக்க. இருபத்தெட்டாவது வரும்."

"இருபத்தெட்டு வீட்லயே நிறைய இருக்கு. எனக்கு வேண்டியது முப்பது" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோர்க்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறக்கவில்லை. கதவில் 'பதினோரு மணிக்கு வருவேன்' என்று எழுதி ஒட்டிவிட்டு அவளோடு மைதானத்துக்குப் போனேன். சைக்கிள் கடைக்காரர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்.

கூண்டுக்கு வெளியே, வலையை ஒட்டி ஒரு மரப் பெட்டியில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவள் இருபத்திரண்டு தடவை எறிந்தாள். இருபத்திரண்டையும் பார்த்தேன்.

ஆறு வருஷத்தில் நான் அவளை ஒரு முழுக் காலை பார்த்ததில்லை. போட்டிகளுக்குக் கூடவே போயிருக்கிறேன், ஆனால் அங்கே யாராவது கையுறையைப் பற்றிக் கேட்பார்கள், நான் திரும்பிக்கொள்வேன். அவள் கால்கள் இவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியாது. குதிகாலில் திரும்பி முன்பாதத்தில் இறங்குவது கடைசல் எந்திரம் மாதிரி ஒரே சீராக இருந்தது. மூன்றாவது சுற்றில்தான் எல்லாம் கெட்டது. அவள் குள்ளம். குண்டு தாழ்ந்து வரும் இடத்தில் தரையை உரசியது. உரசினதும் அவள் தடுமாறினாள், தடுமாறினதும் கூண்டு வலையில் அடித்தது. இருபத்திரண்டில் பதினான்கு தடவை உரசியதை எண்ணினேன்.

மறுபடியும் தப்பு செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. முதல் கம்பியை அலட்சியத்தில் கொடுத்தேன். இரண்டாவதைக் குற்ற உணர்ச்சியில் கொடுத்தேன். இரண்டு தடவையும் அவளைப் பார்த்துக் கொடுக்கவில்லை. வேறு யாராவது ஒரு பெண் இந்த உயரத்தோடு கடைக்கு வந்து முழு நீளம் கேட்டிருந்தால் அரை மணி நேரம் பாடம் எடுத்து அனுப்பியிருப்பேன்.

கடைக்கு ஓடிப்போய் நடுத்தரமான ஒரு கம்பியை எடுத்து வந்தேன். மாட்டினால் நூற்றுப் பதின்மூன்று வரும். அவள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"மறுபடியும் குட்டையா?"

"உன் அளவு. அன்னிக்குக் கடையில உக்காந்துகிட்டே எடுத்துக் கொடுத்தேன். இன்னிக்கு உன்னப் பாத்துட்டு எடுத்துட்டு வந்திருக்கேன். மூணாவது சுத்துல தரையில உரசுது. கால்ல ஒரு தப்பும் இல்ல. கால் பிரமாதம்."

இந்த 'பிரமாதம்' என்ற சொல்லை நான் அவளிடம் கடைசியாக எப்போது சொன்னேன் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவள் கம்பியை வாங்கித் தானே மாட்டினாள். அதை வைத்து அன்றைக்கு எறிந்த ஆறில் ஒன்று மட்டும்தான் உரசியது. வீட்டுக்குப் போகும் வழியில், திங்கள்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக, குண்டைத் தவிர வேறு ஒரு விஷயம் என்னோடு பேசினாள். வெங்காயம் வாங்க வேண்டும் என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த இரண்டு வாரமும் கடை பதினோரு மணிக்குத்தான் திறந்தது. விளையாட்டு ஆசிரியர் இரண்டு தடவை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப்போனாராம். மூன்றாவது தடவை மைதானத்துக்கே வந்து, மரப் பெட்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சப் பாடத்தை அங்கேயே எழுதிக்கொண்டார். குட்டைக் கம்பி விஷயத்தை மட்டும் அவர் மரியாதை கருதிக் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்: "அடிக்கடி போய்ப் பாருங்க சார். பிள்ளைங்க வளர்றது நமக்குத் தெரியாது."

போட்டியன்று வெயில் இதமாக இருந்தது. ஏழு பெண்கள். ஆளுக்கு மூன்று எறி, அதற்குப் பிறகு இன்னும் மூன்று. குண்டை அளந்த நடுவர், "நீளம் இன்னும் கூட்டலாமே மேடம்" என்றார். "இதுதான் என் அளவு" என்றாள் அவள்.

முதல் எறி வலையில் மோதி விழுந்தது. இரண்டாவது இருபத்தெட்டு முப்பத்தொன்று. அவள் என் பக்கம் பார்க்கவில்லை. நான் மரத்தடியில் நின்றுகொண்டு என் கை நகங்களை எல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டிருந்தேன். பழைய கம்பியில் வந்த தூரம்கூட வரவில்லை. இதுவும் சரியில்லை என்றால், நாலு கிலோவில் அவளுக்கிருந்த கடைசி நாளையும் கெடுத்தவன் நான்தான். மூன்றாவது எறிக்கு அவள் வட்டத்துக்குள் காலை வைத்தபோது எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ஷூ சிமெண்டில் தேய்கிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. தரையில் உரசும் சத்தம் வரவில்லை. அவள் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். பிறகு ஒன்றுமே இல்லை. அவ்வளவு நேரம் ஒன்றும் இல்லாமல் இருந்ததில்லை. தூரத்தில் தொப்பென்று விழுந்தது. யாரோ ஓடினார்கள், நாடாவை இழுத்தார்கள். நடுவர் உரக்கப் படித்தார்.

"முப்பது மீட்டர், ஏழு சென்டிமீட்டர்!"

கண்ணைத் திறந்தால் அவள் எனக்கு நேர் எதிரே, வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். மூச்சு வாங்குகிறது, கண்ணில் தண்ணீர், முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

"பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொல்ல முடியவில்லை. "பயத்துல கண்ண மூடிட்டேன்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். கையுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னும் மூணு எறி இருக்கு" என்றாள். "கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு நில்லுங்க."